ஈய நஞ்சும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளும்: எலி ஆய்வுகள் எதைச் சொல்கின்றன?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். உங்கள் கணவர் சில ஆண்டுகளாகப் பழைய ஈய-அமில பேட்டரிகளைப் பிரித்து உருக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார் என்றும், அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஈயத்தின் அளவு டெசிலிட்டருக்கு 28 மைக்ரோகிராம் என வந்திருக்கிறது என்றும், சோர்வும் மலச்சிக்கலும் அவருக்கு நீங்காமல் இருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேதியியல் படித்தவர் என்பதால் நீங்களே ஆய்வுச் சுருக்கங்களைத் தேடிப் படித்து, வைட்டமின் சி, வைட்டமின் ஈ, குர்குமின், குவர்செடின், பூண்டுச் சாறு, ஆல்ஃபா லிபோயிக் அமிலம் ஆகியவை ஈயம் ஊட்டப்பட்ட எலிகளின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் காத்ததாகக் குறிப்பெடுத்திருக்கிறீர்கள். இவற்றில் எதை எவ்வளவு கொடுக்கலாம், கொடுத்துக்கொண்டே அவர் வேலையைத் தொடரலாமா, நான்கு வயது மகளுக்கும் முன்காப்பாகத் தரலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈயம் உடலுக்குள் போய்க்கொண்டிருக்கும் வரையில் அதன் கேட்டை ஈடுகட்டும் மாத்திரை எதுவும் இல்லை. ஆகவே மாத்திரையை நம்பி இதே நிலையில் வேலையைத் தொடர்வது கூடாது. மகளுக்கு அவற்றைக் கொடுக்கவும் வேண்டாம். ஆனால் நீங்கள் படித்த ஆய்வுகள் பொய்யானவை என்று இதற்குப் பொருள் இல்லை. உலோக நச்சியலில் விலங்கு ஆய்வுகளோடு நெடுநாள் பழகியவன் என்ற முறையில், அவை எந்தக் கேள்விக்கு விடை தருகின்றன, எந்தக் கேள்விக்குத் தருவதில்லை என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். அது புரிந்தால், இனி இத்தகைய ஆய்வு எது கண்ணில் பட்டாலும் நீங்களே எடைபோட்டுக்கொள்ள முடியும்.

ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக் ஆகிய நான்கும் வேதியியல் குணத்தால் வேறுபட்டவை என்றாலும், புரதங்களில் உள்ள சல்ஃபைட்ரில் தொகுதிகளின் (கந்தகமும் ஹைட்ரஜனும் இணைந்தவை) மீது வலுவான பிணைப்பாற்றல் கொண்டவை. உடலின் முதன்மையான காப்புப் பொருளான குளூட்டாதயோனும் அத்தகைய கந்தகத் தொகுதியைக் கொண்டதே என்பதால், உலோகம் நுழைந்ததும் முதலில் கரைவது அதன் கையிருப்புதான். ஈயம் இன்னொரு வழியிலும் கேடு செய்கிறது. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற பொருளின் உருவாக்கத்தில் பங்கேற்கும் அமினோலெவுலினிக் அமில டிஹைட்ரடேஸ் என்ற நொதியிலிருந்து துத்தநாகத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. நொதி முடங்குவதால் தேங்கும் அமினோலெவுலினிக் அமிலம் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து தீவிரமான ஆக்சிஜன் வகைகளை உண்டாக்குகிறது. காட்மியம் நேரடியாக அத்தகைய வினையில் ஈடுபடாவிட்டாலும், புரதங்களில் கட்டுண்டிருக்கும் இரும்பையும் செம்பையும் விடுவித்து, அவற்றின் வழியே அதே விளைவை ஏற்படுத்துகிறது. உயிரணுச் சவ்வின் கொழுப்புகள் சிதைவதும், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் போன்ற காப்பு நொதிகள் தளர்வதும் இதன் தொடர்ச்சி. உலோக நஞ்சின் கேட்டில் ஆக்சிஜனேற்றச் சேதம் ஒரு பங்கு வகிக்கிறது என்ற நிலையில், ஆன்டிஆக்ஸிடன்ட்களை, அதாவது அத்தகைய சேதத்தைத் தடுக்கும் பொருள்களை, கொடுத்துப் பார்க்கும் எண்ணம் ஆய்வாளர்களுக்கு எழுந்தது இயல்பே.

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வுகள் உண்டு. பாதரச குளோரைடு கொடுக்கப்பட்ட எலிகளைச் செலினியம் காப்பாற்றுகிறது என்று 1967-இல் பாரிசெக்கும் ஓஷ்டாடலோவாவும் காட்டினார்கள். பாதரசம் ஏன் செலினியம் சார்ந்த நொதிகளைக் குறிவைக்கிறது என்ற பெரிய ஆராய்ச்சிக்கு அது வழிதிறந்தது. குதிரையின் சிறுநீரகத்திலிருந்து 1957-இல் மார்கோஷெஸும் வாலியும் பிரித்தெடுத்த மெட்டலோதயோனின் என்ற புரதம் காட்மியத்தைச் சிறைப்பிடித்து வைக்கிறது என்பதும், அந்தப் புரதம் இல்லாதவாறு மரபணு மாற்றிய சுண்டெலிகள் காட்மியத்துக்கு மிக எளிதில் பலியாகின்றன என்பதும் விலங்கு ஆய்வுகளால் மட்டுமே தெரியவந்த உண்மைகள். சேதம் எப்படி நிகழ்கிறது என்ற கேள்விக்கு இவை தெளிவான விடை தருகின்றன.

நீங்கள் படித்தவை பெரும்பாலும் வேறொரு அமைப்பைச் சேர்ந்தவை. குழுவுக்கு ஆறு முதல் பத்து எலிகள். ஒரு குழுவுக்கு ஒன்றும் இல்லை, ஒன்றுக்கு ஈய அசிடேட் மட்டும், ஒன்றுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மட்டும், ஒன்றுக்கு இரண்டும் சேர்த்து. சில வாரங்கள் கழித்து எலிகளைக் கொன்று, திசுக்களில் மாலோண்டைஆல்டிஹைடு (கொழுப்பு சிதையும்போது உண்டாகும் பொருள்), குளூட்டாதயோன், காப்பு நொதிகள் ஆகியவற்றை அளந்து, திசுச் சீவல்களை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். ஈயம் மட்டும் பெற்ற குழுவில் எல்லா அளவுகளும் கெட்டும், இரண்டையும் பெற்ற குழுவில் அவை பாதிவழியோ முழுவதுமோ சீரடைந்தும் காணப்படும். பல ஆய்வகங்களில், பலவகைப் பொருள்களோடு, இந்த முடிவு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அதன் போக்கை நான் நம்புகிறேன். உங்கள் கணவருக்கு அதைப் பொருத்திப் பார்க்கும்போதுதான் சிக்கல்கள் தலைதூக்குகின்றன.

முதற்சிக்கல், கொடுக்கும் நேரம். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் ஆன்டிஆக்ஸிடன்ட் உலோகத்துக்கு முன்னதாகவோ அதே நாளிலோ கொடுக்கப்படுகிறது. உங்கள் கணவரின் உடலில் ஈயம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருக்கிறது. வயதுவந்தவர்களின் உடலில் உள்ள மொத்த ஈயத்தில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டது எலும்பில் தங்குகிறது. இரத்தத்தில் உள்ள ஈயம் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் போதும் என்றால், எலும்பில் உள்ளது அவ்வாறு குறையப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். நான்கு வாரம் ஈயம் பெற்ற இளம் எலியின் நிலை இதற்கு ஒப்பாகாது. இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. ஈயத்தையும் தாவரச் சாற்றையும் ஒரே நாளில் வாய்வழியே ஊட்டினால், சாற்றில் உள்ள பாலிஃபீனால்கள் குடலிலேயே உலோகத்தோடு பிணைந்து அது உட்கிரகிக்கப்படுவதைக் குறைத்துவிடக்கூடும். அப்படி நடந்திருந்தால் அந்த எலியின் கல்லீரல் நலமாக இருப்பதற்குக் காரணம், அதற்குக் குறைவான ஈயம் போய்ச் சேர்ந்ததே. ஆக்சிஜனேற்றம் தடுக்கப்பட்டதாகக் கொள்ள முடியாது. திசுவில் எவ்வளவு உலோகம் இருந்தது என்பதை அணு உறிஞ்சல் நிறமாலைமானி போன்ற கருவியால் அளந்து சொல்லாத ஆய்வில் இந்த இரண்டையும் பிரித்தறிய வழியே கிடையாது. ஆகவே இத்தகைய கட்டுரை எதை எடுத்தாலும், திசுவில் உலோகத்தை அளந்தார்களா என்பதை முதலில் பாருங்கள். உலோகத்தை ஊசிவழி கொடுத்துவிட்டு, பல நாள் கழித்துப் பாதுகாப்புப் பொருளைத் தொடங்கி, அப்போதும் பயன் கிடைத்ததாகக் காட்டும் ஆய்வுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

அடுத்தது அளவு. காட்மியம் குளோரைடை உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் என்று எலிகளுக்கு ஊட்டுவது வழக்கமாகக் காணப்படும் ஒன்று. மனிதர் உணவின் வழியே தாங்கக்கூடிய காட்மிய அளவாக உணவுச் சேர்க்கைகளுக்கான பன்னாட்டு வல்லுநர் குழு 2010-இல் வகுத்தது மாதத்துக்கு, கிலோ எடைக்கு, 25 மைக்ரோகிராம். எலிக்குத் தரப்படும் உப்பை உலோகக் கணக்குக்கு மாற்றினாலும், அது இந்த வரம்பைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு ஆகிறது. அவ்வளவு பெரிய அடியில் ஆக்சிஜனேற்றச் சேதமே மேலோங்கி நிற்கும். சிறிய அளவில் நீண்டகாலம் உடலில் சேரும் உலோகம் வேறு பல வழிகளிலும் வேலை செய்கிறது.

பாதுகாப்புப் பொருளின் அளவையும் இப்படிப் பார்க்க வேண்டும். எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்றால், உடற்பரப்பைக் கொண்டு கணக்கிடும் வழக்கப்படி அதை ஏறக்குறைய 6.2-ஆல் வகுத்து மனித அளவைப் பெறுகிறோம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது நாளொன்றுக்கு சுமார் 1.9 கிராம். குர்குமினை அந்த அளவில் விழுங்கினாலும் அது இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம்: மனிதர்களுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் வரை கொடுத்துப் பார்த்த மருத்துவ ஆய்வில்கூட இரத்தத்தில் அதன் உச்ச அளவு லிட்டருக்கு 2 மைக்ரோமோலை எட்டவில்லை.

வைட்டமின் சி பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். எலியும் சுண்டெலியும் தமக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தம் கல்லீரலிலேயே உற்பத்தி செய்துகொள்கின்றன. மனிதருக்கும் கினிப்பன்றிக்கும் அதற்கான குலோனோலாக்டோன் ஆக்ஸிடேஸ் நொதி செயல்படும் நிலையில் இல்லை. ஏற்கெனவே போதுமான வைட்டமின் உள்ள விலங்குக்கு மேலும் ஊட்டிப் பெற்ற முடிவை, உணவையே முழுவதும் நம்பியிருக்கும் மனிதருக்கு அளவு மாறாமல் எடுத்துச் செல்ல முடியாது. மனிதரிடையே, இரத்தத்தில் வைட்டமின் சி கூடுதலாக இருப்பவர்களுக்கு ஈய அளவு உயர்ந்திருப்பது அரிது என்று அமெரிக்காவின் தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்புத் தரவுகளைக் கொண்டு 1999-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அது தொடர்பைக் காட்டியது, காரணத்தை நிறுவவில்லை. நல்ல உணவு உண்பவர்கள் பல வகைகளில் ஈயத்திலிருந்து விலகியும் வாழ்பவர்களாக இருக்கலாம் அல்லவா?

எதை அளக்கிறார்கள் என்பதிலும் கவனம் வேண்டும். மாலோண்டைஆல்டிஹைடை அளக்க இந்த ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் தயோபார்பிட்யூரிக் அமில முறை மலிவானது, எளிதானது. ஆனால் சர்க்கரைகள் உள்ளிட்ட வேறு பொருள்களும் அதில் நிறம் கொடுக்கும். அந்த எண் குறைந்தது என்பதால் மட்டும் உறுப்பு நலமடைந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. குழுக்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்களா, திசுச் சீவலைப் பார்த்தவருக்கு அது எந்தக் குழுவினுடையது என்பது மறைக்கப்பட்டிருந்ததா என்ற விவரங்களும் பல கட்டுரைகளில் இருப்பதில்லை. விலங்கு ஆய்வுகளை எழுதுவதற்கான அரைவ் வழிகாட்டுதல்கள் 2010-இல் வெளியாகி, 2020-இல் புதுப்பிக்கவும்பட்ட பின்னரும் இந்தக் குறை நீடிப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஓர் உயிரைப் பறித்துப் பெறும் விடை நம்பத்தகுந்ததாக இல்லாவிட்டால் அந்த உயிருக்கு நாம் இழைத்தது அநீதி.

அளவுகோல் மேம்படுவதும் மனிதர் மேம்படுவதும் ஒன்றல்ல என்பதற்கு ஈயத்திலேயே வலுவான சான்று இருக்கிறது. இரத்தத்தில் 20 முதல் 44 மைக்ரோகிராம் வரை ஈயம் இருந்த 780 சிறு குழந்தைகளுக்கு, ஈயத்தைப் பற்றிச் சிறுநீரில் வெளியேற்றும் சக்சிமர் மருந்தையோ வெற்று மாத்திரையையோ கொடுத்து நடத்தப்பட்ட அமெரிக்க ஆய்வின் முடிவு 2001-இல் வெளியானது. மருந்து இரத்த ஈயத்தைக் குறைத்தது; ஆனால் குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண்களிலும் நடத்தையிலும் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. உலோகத்தையே வெளியேற்றும் மருந்தின் நிலை இது என்றால், உலோகத்தை அங்கேயே விட்டுவிட்டு அதன் விளைவுகளில் ஒன்றை மட்டும் தணிக்கும் பொருளிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் பட்டியலில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது ஆல்ஃபா லிபோயிக் அமிலம். உடலில் வேதியியல் ஒடுக்கம் அடைந்தபின் அதில் இரண்டு சல்ஃபைட்ரில் தொகுதிகள் தோன்றுவதால், அது உலோகங்களைப் பற்றிக்கொண்டு இடம்பெயரச் செய்யவல்லது. 1992-இல் வெளியான ஓர் எலி ஆய்வில், லிபோயிக் அமிலம் கனிமப் பாதரசம் பித்தநீரில் வெளியேறுவதைக் கூட்டியது. அதே நேரத்தில் மீதைல் பாதரசமும் காட்மியமும் வெளியேறுவதைக் குறைத்தது. ஓர் உலோகத்துக்கு நன்மையாக இருப்பது மற்றொன்றுக்குத் தீமையாகலாம் என்பதே இதன் பொருள். ஈயத்தைப் பொறுத்தவரை, ஈயத்தைப் பற்றி வெளியேற்றும் இடிடிஏ என்ற மருந்தை ஒரே ஒரு முறை பெற்ற எலிகளின் மூளையில் ஈயம் கூடியதாக 1987-இல் காட்டப்பட்டது. எலும்பிலிருந்து கிளம்பிய ஈயம் முழுவதும் வெளியேறிவிடவில்லை, ஒரு பகுதி மூளைக்கு இடம் மாறிவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆர்செனிக் கலந்த போர் நச்சுவாயுவுக்கு மாற்றுமருந்தாக உருவான டைமெர்காப்ரால், பாதரசத்தை மூளைக்குக் கொண்டு சேர்க்கும் என்பதால்தான் மீதைல் பாதரச நஞ்சேற்றத்தில் அதைக் கொடுக்கக்கூடாது என்று விதித்திருக்கிறார்கள். மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல், அதிலும் பட்டறையில் ஈயத்தூசியை நாள்தோறும் சுவாசித்துக்கொண்டே, உலோகத்தைக் கிளப்பும் எந்தப் பொருளையும் உட்கொள்ள வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் குறைந்தது தீங்காவது செய்யாது என்ற எண்ணமும் சரியில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. புகைபிடிப்போரையும் பணியிடத்தில் கல்நார் தூசிக்கு ஆளான தொழிலாளர்களையும் சேர்த்து அமெரிக்காவில் நடந்த மற்றோர் ஆய்வு, பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் பெற்றவர்களிடையே அந்நோய் 28 சதவீதம் மிகுந்ததால் 1996-இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. நாளொன்றுக்கு 400 அலகு வைட்டமின் ஈ உட்கொண்ட ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011-இல் தெரியவந்தது. தொழில் வழியே நஞ்சுக்கு ஆளானவர்களுக்கு நன்மை கருதிக் கொடுத்ததே அவர்களுக்குக் கேடாக முடிந்த கல்நார் ஆய்வை, உங்கள் கணவரைப் போன்றவர்களுக்கு ஆலோசனை சொல்லும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்கிறேன்.

உணவுக்கு இதில் இடமே இல்லையா என்றால், நிச்சயமாக உண்டு. ஆனால் அந்த இடம் விளம்பரங்கள் காட்டும் இடம் அன்று. கால்சியம் எனப்படும் சுண்ணாம்புச் சத்துக் குறைந்த உணவு பெற்ற எலிகளின் திசுக்களில் ஈயம் கூடுதலாகச் சேர்கிறது என்பது 1970-லேயே காட்டப்பட்டுவிட்டது. இரும்புச்சத்துக் குறைவிலும் இதே நிலை அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்தது. இங்கே மனிதரிடமும் நேரடிச் சான்று இருக்கிறது: 1978-இல் வெளியான ஆய்வில், உடலில் இரும்பிருப்புக் குறைந்தவர்கள் தாம் விழுங்கிய காட்மியத்தில் சராசரியாக 8.9 சதவீதத்தை உட்கிரகித்தார்கள். போதிய இருப்பு உள்ளவர்கள் உட்கிரகித்தது 2.3 சதவீதம்தான். ஆர்செனிக்கைப் பொறுத்தவரை, வங்கதேசத்தில் ஃபோலேட் குறைபாடு உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் 12 வாரம் கொடுத்தபோது இரத்த ஆர்செனிக் ஏறத்தாழ 14 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் வெளியானது. இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது, குறையாக இருந்த சத்தை நிரப்பியதால் விளைந்த பயன். போதுமானதற்கு மேல் குவிப்பது வேறு காரியம்.

ஆகவே உங்கள் கணவருக்கு இரத்தச்சோகை உண்டா, இரும்பிருப்பு எவ்வளவு என்பதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குறை இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் ஈடுசெய்யுங்கள். சுண்ணாம்புச் சத்து, இரும்பு, துத்தநாகம், வைட்டமின் சி ஆகியவை நாள்தோறும் உணவில் போதிய அளவு இருக்கட்டும். வெறும் வயிற்றில் ஈயம் எளிதில் உட்கிரகிக்கப்படும் என்பதால் சாப்பிடாமல் வேலைக்குப் போக வேண்டாம். இரும்பு மிகைநோய் உள்ளவர்களுக்கு மிகையான வைட்டமின் சி தீங்காகும் என்பதையும் மருத்துவரிடம் பேசும்போது நினைவில் கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முதன்மையானது பட்டறை. 28 என்ற அளவில் வயதுவந்தவர்களுக்கு வழக்கமாக ஈயநீக்க மருந்து தருவதில்லை. நஞ்சு வரும் வழியை அடைப்பதே சிகிச்சை. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமை எட்டினாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிந்து அதைக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வழிகாட்டியிருக்கிறது. அவரது பரிசோதனை அறிக்கையோடு தொழில்சார் நோய்களில் பயிற்சி பெற்ற மருத்துவரைச் சந்தியுங்கள். உருக்கும் பணியிலிருந்து வேறு பணிக்கு மாற்றும்படி எழுத்துமூலம் பரிந்துரை கேளுங்கள். மாற்றம் கிடைக்கும்வரை, புகையை இழுத்து வெளியேற்றும் அமைப்பும், ஈயத்தூசியை வடிகட்டும், முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் சுவாசக் கவசமும் இல்லாமல் உலை அருகில் நிற்பது கூடாது. துணியை முகத்தில் கட்டிக்கொள்வதால் பயன் இல்லை. பட்டறைக்குள் உண்பதும் புகைபிடிப்பதும் கூடாது. மீண்டும் எப்போது பரிசோதிப்பது என்பதையும் அந்த மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மகளைப் பற்றி. அவளுக்கு இந்த மாத்திரைகள் வேண்டாம் என்று சொன்னேன். அவளுக்கு வேண்டியது ஓர் இரத்தப் பரிசோதனை, அதுவும் தாமதமின்றி. பட்டறைத் தூசி உடையிலும் தலைமுடியிலும் காலணியிலும் ஒட்டி வீட்டுக்கு வருகிறது. வயதுவந்தவர்களைவிடக் குழந்தைகளின் குடல் ஈயத்தைப் பலமடங்கு கூடுதலாக உட்கிரகிக்கிறது, அவர்களின் மூளையோ வளர்ந்துகொண்டிருக்கிறது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் குழந்தைகளுக்கு 3.5 மைக்ரோகிராமையே கவனிக்கத் தொடங்கும் அளவாகக் கொண்டிருக்கிறது. அப்பா பட்டறையிலேயே குளித்து, உடையையும் காலணியையும் அங்கேயே மாற்றிவிட்டு வரட்டும். அந்த வசதி இல்லையென்றால் வீட்டுக்கு வெளியே மாற்றி, உடையை உதறாமல் தனிப் பையில் இட்டு, மற்றவர்களின் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். வீட்டுத் தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். மகளின் பரிசோதனை முடிவு 3.5-க்கு மேல் வந்தால் அவளை உடனே குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தந்தையின் தொழில் என்ன என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.